ஆபரேட்டர்

கேட் பாஸில் என் பெயருக்குக் கீழே
ஆபரேட்டர் என்று அச்சடித்திருக்கிறது.
குடிகாடு சிப்காட்டில்
மூன்றாம் நம்பர் பம்ப்பைத் திறப்பவன், மூடுபவன்,
முள் சிவப்பைத் தொட்டால்
போன் செய்கிறவன்.

புதுச்சேரிக்குப் போய்
பழைய லேப்டாப் வாங்கி வந்த வாரம்
முதல் பாடத்தின் தலைப்பும் அதுவே.
நைட் ஷிஃப்டில் தனியாகச் சிரித்தேன்.
இத்தனை ஆபரேட்டர்கள்!
ஒருவனுக்கும் ஹெல்மெட் இல்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டு கோடு என்றால் சமம்.
இங்கே அது சமம் இல்லை, 'வை'.
வலப்பக்கம் இருப்பதை எடுத்து
இடப்பக்கப் பெயருக்குள் வை.
சமமா என்று கேட்க
இன்னொரு ஜோடி கோடு வேண்டும், ==
கேட்பதற்குத்தான் எங்கேயும்
செலவு கூட.

மணி = மணி + 1
ஒன்பதாம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால்
கணக்கு சார் தாளைக் கிழித்திருப்பார்.
இங்கே ஓடியது.
பழைய மணியோடு ஒன்றைச் சேர்த்து
அதே பெயரில் திரும்ப வைத்தது.
விடியும்வரை நானும் அதைத்தான் செய்கிறேன்.

ஆண்ட், ஆர், நாட் மூன்றும் ஏற்கெனவே பழக்கம்.
அழுத்தம் ஆறுக்குள், ஆண்ட் வால்வு திறந்து,
இரண்டும் இருந்தால்தான் பம்ப் எழும்பும்.
வாயு கசிந்தாலோ, ஆர் கரண்ட் போனாலோ
ஒன்றே போதும், நிற்கும்.
லீவுக்கு மட்டும் எப்போதும் நாட்.

% வந்த இரவு கலியவரதன் எட்டிப் பார்த்தான்.
"என்னா வட்டி போட்றாங்க?"
எங்களுக்கு அந்தக் குறி அறிமுகமானது
நகைக்கடன் சீட்டில்.
வட்டி இல்லடா, மிச்சம்.
பதினேழு மத்தியை ஐந்து பேர் பிரித்தால்
ஆளுக்கு மூன்று என்று // சொல்லும்.
சட்டியில் கிடக்கிற இரண்டை
% சொல்லும்.
"அந்த ரெண்ட யாரு எடுத்துக்குறது?"
அதற்கு ஆபரேட்டர் இல்லை.

சங்கு ஊதிய பிறகு
அளவு நோட்டு எழுதி, வால்வு எண்ணிக் காட்டி,
அடுத்தவன் கையெழுத்துப் போட
ஐம்பது நிமிடம்.
மாதம் இருபத்தாறு நாள்.
சம்பளச் சீட்டில் ஓவர்டைம் கட்டம்
எப்போதும் பூஜ்யம்.
பயிற்சிக்குக் கணக்குத் தேடியவன்
அதையே தட்டினேன்:

50 // 60 * 26

0

சீட்டும் மெஷினும் ஒரே பதில் சொல்லவும்
ஒரு நிமிடம் சீட்டை நம்பிவிட்டேன்.
காற்று திரும்பி, கடல் வாடையை அமுக்கிக்கொண்டு
எங்கள் புகைபோக்கி வாடை உள்ளே வந்தது.
அப்புறம்தான் பார்த்தேன்.
வகுத்தலும் பெருக்கலும் ஒரே தரம்,
முன்னால் நிற்பதற்கு முதல் மரியாதை.
ஐம்பதை அறுபதால் வெட்டினால்
முழு மணி ஒன்றும் தேறாது.
தேறாததை இருபத்தாறு முறை அடுக்கி என்ன?
வெட்டும் முன் சேர்க்க வேண்டும்.

50 * 26 // 60
21
50 * 26 % 60
40

இருபத்தொரு மணி, நாற்பது நிமிடம்.
திருட்டு என்று சொல்ல வரவில்லை.
ஆனால் மிச்சத்தைத் தின்கிற குறி ஒன்றிருப்பது
இப்போது எனக்குத் தெரியும்.

டைம் ஆபீஸில் பிரகலாதன்
ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார்.
"சிஸ்டம் அப்படித்தான் எடுக்குது தம்பி."
"வரிசய மாத்துனா வேற எடுக்கும் சார்."
கழுத்தில் தொங்கிய பாஸைப் பார்த்தார்.
"ஆபரேட்டர்தானே நீ?"
"ஆமாம் சார்."

சீட்டின் பின்பக்கம் நாலு வரி எழுதிக் கொடுத்து
பெற்றதற்குக் கையெழுத்துக் கேட்டு நின்றேன்.
எனக்குப் பின்னால் கலியவரதன்,
அவனுக்குப் பின்னால் பி ஷிஃப்டில் ஏழு பேர்.
முதுநகர் பஸ் போய்விட்டது.
பாய்லர் பக்கமிருந்து இன்னொருவன்
டீ கிளாஸோடு வந்து கடைசியில் நின்றான்.
என்ன வரிசை இது என்று கேட்டான்.